உற்பத்தித் துறையில் வேலைவாய்ப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நிறுவனத்தில் சேரலாம் என்ற கேள்வியோடுதான் பலரும் வேலை தேடத் தொடங்குகிறார்கள். எந்தச் செய்முறையைக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துகொண்டால் தேடல் எளிதாகும் என்பதே கீழ்வரும் விடைகள் பலவற்றுக்கும் அடிப்படை. நிறுவனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பத்து ஆண்டுகள் கைபழகிய செய்முறையை மாற்றுவது அவ்வளவு எளிதன்று.

உற்பத்தித் துறை என்று சொல்லும்போது எவையெல்லாம் அதில் அடங்கும்?

மூலப்பொருளை இயந்திரத்தாலோ வேதிவினையாலோ கைவேலையாலோ மாற்றி, விற்பனைக்குரிய பொருளாக்கும் தொழில்கள் அனைத்தும் இதில் அடங்கும். வாகனத் துறை, மருந்துத் துறை, ஆடைத் துறை என்று பொருளின் பெயரால் பிரிப்பது வழக்கம். வேலை தேடுபவருக்கு இதைவிடப் பயன்படுவது, பொருள் உருவாகும் விதத்தை வைத்துப் பிரிப்பதாகும்.

பம்பு, கைப்பேசி, வாகனம், ஆடை போன்றவை எண்ணிக்கையில் தயாராகின்றன. உதிரிபாகங்களைத் தனித்தனியே செய்து, பின்னர் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். இங்கே இயந்திரத்தை மாலையில் நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் மீண்டும் ஓட்டலாம். உருக்கு, கண்ணாடி, காகிதம், சிமென்ட், வேதிப்பொருள் போன்றவை எடையிலோ கொள்ளளவிலோ அளக்கப்படுபவை; அவற்றைத் தயாரிக்கும் ஆலைகள் பெரும்பாலும் இடைவிடாமல் ஓடுகின்றன. உருக்காலையின் ஊதுலை ஒருமுறை இயங்கத் தொடங்கினால், அதன் உட்புறத் தீச்செங்கல் தேயும்வரை, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல்கூடத் தொடர்ந்து இயங்கும். ஆகவே முதல் வகைத் தொழிற்சாலையில் இயந்திரத்தை அமைப்பது, கருவி மாற்றுவது, பொருத்துவது ஆகிய திறன்களுக்கு மதிப்பு அதிகம். இரண்டாம் வகையில் வெப்பநிலை, அழுத்தம், ஓட்டம் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கவனித்து, கோளாறு முற்றுமுன் உணர்ந்து செயல்படும் திறனே முதன்மையானது. இரவு நேர வேலையும் விடுமுறை நாள் வேலையும் இரண்டாம் வகையில் தவிர்க்க முடியாதவை என்பதையும் சேரும்போதே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு தொழிற்சாலைக்குள் என்னென்ன வேலைகள் இருக்கின்றன?

பதவிகளின் பட்டியலைப் படிப்பதைவிட, ஒரு பொருள் உருவாகும் வழியைப் பின்தொடர்ந்தால் இது நன்றாக விளங்கும். கியர்பாக்ஸ் ஒன்றுக்கு வேண்டிய பல்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். எத்தனை பற்கள், எந்த வகை எஃகு, மேற்பரப்பு எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பவற்றை வடிவமைப்புப் பொறியாளர் வரைபடத்தில் குறிக்கிறார். அந்த வரைபடத்தை வேலையாக மாற்றுபவர் செயல்முறைப் பொறியாளர். முதலில் சூடான எஃகை அழுத்தி வடிவமாக்கும் ஃபோர்ஜிங், அடுத்து கடைசல் பிடிக்கும் டர்னிங், பின்னர் பல் வெட்டும் ஹாப்பிங், அதன்பின் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட், இறுதியாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் கிரைண்டிங் என்ற வரிசையை அவர்தாம் வகுக்கிறார். சூடேற்றிக் குளிர்விக்கும்போது சக்கரம் சற்றுக் கோணும் என்பதால், கிரைண்டிங்கில் நீக்குவதற்கு எவ்வளவு உலோகத்தை விட்டுவைக்க வேண்டும் என்பதைக் கணிப்பதும் அவருடைய பொறுப்பு.

இதற்கிடையே கொள்முதல் பிரிவு எஃகை வரவழைக்கிறது. திட்டமிடல் பிரிவு எந்த இயந்திரத்தில் எந்த நாளில் எத்தனை சக்கரங்கள் என்று கணக்கிடுகிறது. டூல்ரூமில் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்சரும் அளவு பார்க்கும் கேஜும் தயாராகின்றன. ஆபரேட்டர்களும் செட்டர்களும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். தரப் பிரிவினர் பல்லின் வடிவத்தை அளந்து பார்க்கிறார்கள். இயந்திரம் நின்றுவிட்டால் மெயின்டனன்ஸ் ஆட்கள் வருகிறார்கள். செலவுக் கணக்காளர் ஒரு சக்கரத்துக்கு ஆன செலவைக் கூட்டிப் பார்க்கிறார். பண்டகசாலை, பொதி கட்டுதல், அனுப்புதல், பாதுகாப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனி ஆட்கள் தேவை. இயந்திரத்தைத் தொடாமலே உற்பத்தித் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் அவர்களுள் சிறந்து விளங்கியவர்கள், அந்த இயந்திரம் என்ன செய்கிறது என்பதை அறிந்தவர்களாகவே இருப்பார்கள்.

எந்தக் கல்வித் தகுதி வேண்டும்?

தொழிற்பயிற்சிச் சான்றிதழ், டிப்ளமா, பொறியியல் பட்டம் ஆகிய மூன்றுமே நுழைவாயில்கள்தாம். பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்கள் ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற கைத்திறன் பணிகளில் நுழைகிறார்கள். டிப்ளமா படித்தவர்கள் மேற்பார்வை, தரம், மெயின்டனன்ஸ் ஆகிய பிரிவுகளிலும், பட்டதாரிகள் வடிவமைப்பு, செயல்முறை, திட்டமிடல் ஆகிய பிரிவுகளிலும் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். வேதியியல், நுண்ணுயிரியல், புள்ளியியல், வணிகவியல் படித்தவர்களுக்கும் ஆய்வகம், தரப் பகுப்பாய்வு, செலவுக் கணக்கு ஆகியவற்றில் இடமுண்டு.

எந்த வாயிலில் நுழைந்தாலும் வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கு வளர்ச்சி இல்லை. மூன்று கோணப் பார்வைகள், வெட்டுத்தோற்றம், அளவில் அனுமதிக்கப்படும் விலகலான டாலரன்ஸ், மேற்பரப்புக் குறியீடு ஆகியவற்றைத் தடுமாறாமல் படிக்கும் பழக்கத்தைப் படிக்கும் காலத்திலேயே பெற்றுவிடுவது நல்லது. கல்விச் சான்றிதழில் உள்ள மதிப்பெண்ணை முதல் வேலைக்குப் பிறகு எவரும் கேட்பதில்லை. வரைபடத்தை ஒவ்வொரு நாளும் நீட்டுவார்கள்.

பட்டம் இல்லாதவர்கள் ஓரளவுக்கு மேல் உயர முடியாது என்பது உண்மையா?

நிர்வாகப் பதவிகளைப் பொறுத்தவரை பல நிறுவனங்களில் அது உண்மைதான். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் கைத்திறனுக்கென்று தனி ஏணி ஒன்று இருக்கிறது; அதைப் பலர் அறிவதில்லை. வெல்டிங்கில் ஐ.எஸ்.ஓ. 9606 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி தகுதிச் சான்று பெறலாம். அது பள்ளிச் சான்றிதழ் போன்றதன்று. எந்த வெல்டிங் முறை, எந்த நிலை, எவ்வளவு தடிமன் என்று குறிப்பிட்டு, தேர்வுக்காகச் செய்த இணைப்பைக் கண்ணால் சோதித்து, கதிர்ப்படம் எடுத்தோ வளைத்தோ உடைத்தோ பார்த்துத்தான் வழங்குகிறார்கள். அந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறார் என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்தாவிட்டால் சான்று செல்லாது. தட்டையாகக் கிடக்கும் தகட்டில் வெல்டிங் செய்பவர்கள் ஏராளமாகக் கிடைப்பார்கள். சாய்வாக நிலைநிறுத்தப்பட்ட உயரழுத்தக் குழாயைச் சுற்றிலும் குறையின்றி வெல்டிங் செய்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பொருளை உடைக்காமல் உள்ளே இருக்கும் பிளவைக் கண்டறியும் சோதனைத் துறையும் இத்தகையதே. மீயொலி, கதிர்ப்படம், காந்தத் துகள், ஊடுருவு சாயம் ஆகிய முறைகள் ஒவ்வொன்றிலும் முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று தகுதிகள் உள்ளன. முதல் நிலையில் இருப்பவர் எழுதிக்கொடுத்தபடி சோதிப்பார். இரண்டாம் நிலையில் இருப்பவர் முடிவைப் பொருள் கொள்வார். மூன்றாம் நிலையை அடைந்தவர் சோதனை முறையையே வகுத்துத் தருவார். டூல் அண்டு டை தயாரிப்பு மூன்றாவது எடுத்துக்காட்டு. அச்சுக்கருவி ஒன்றை வடிவமைத்து, வெட்டி, பொருத்தி, சோதனை ஓட்டத்தில் சரிசெய்யத் தெரிந்தவரிடம் அவருடைய மேலாளரே ஆலோசனை கேட்பார்.

சி.என்.சி. கற்றுக்கொண்டால் வேலை உறுதியா?

கணினியால் கட்டுப்படுத்தப்படும் வெட்டு இயந்திரத்தைக் குறிக்கும் சி.என்.சி. என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டவேண்டிய துண்டைப் பொருத்தி, பொத்தானை அழுத்தி, முடிந்ததும் கழற்றி வைப்பது ஆபரேட்டரின் வேலை. புதிய பொருளுக்கு இயந்திரத்தைத் தயார் செய்து, கருவிகளை ஏற்றி, கருவிகளின் அளவுத் திருத்தமான ஆஃப்செட் கொடுத்து, முதல் துண்டை அளவுக்குள் கொண்டுவருவது செட்டரின் வேலை. வரைபடத்திலிருந்து புரோகிராம் எழுதுவது மூன்றாவது. குறுகிய காலப் பயிற்சி நிலையங்கள் பல முதலாவதைக் கற்றுத்தந்து மூன்றாவதன் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்கின்றன. முதலாவதோடு நின்றுவிடுபவரின் இடத்தைத்தான் ரோபோ கை எளிதாக எடுத்துக்கொள்கிறது.

எண்கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரம் 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதன்முதலாகப் பொதுவில் இயக்கிக் காட்டப்பட்டது. அன்றிலிருந்து கட்டுப்பாட்டுக் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. உலோகம் வெட்டப்படும் இயற்பியல் மாறவில்லை. எனவே லேத் எனப்படும் சாதாரணக் கடைசல் இயந்திரத்தில் சில மாதங்கள் வேலை செய்துவிட்டு சி.என்.சி.க்கு வருவதையே பரிந்துரைக்கிறேன். வெட்டுவேகம் என்பது விட்டத்தையும் சுழற்சியையும் பை மதிப்பையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது. 50 மி.மீ. விட்டமுள்ள தண்டு நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றால், வெட்டுவேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 188 மீட்டர். இந்த எண், கையில் உள்ள கருவிக்கும் உலோகத்துக்கும் ஏற்றதா என்று தாளில் கணக்கிட்டும், வெட்டும்போது உரிந்து வரும் உலோகச் சில்லு சுருளும் விதத்தையும் நிறத்தையும் பார்த்தும் சொல்லத் தெரிந்தவர் செட்டராக வெகுகாலம் ஆகாது. கருவியின் அசைவைச் சொல்லும் ஜி 00, ஜி 01, ஜி 02, ஜி 03 ஆகிய புரோகிராம் கட்டளைகளைச் சில நாட்களில் மனப்பாடம் செய்துவிடலாம். அந்தப் பார்வை வருவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

அசெம்பிளி லைனில் சேர்ந்தால் கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் எல்லையற்றதாக இல்லை. 1913ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் நகரும் லைனைக் கொண்டுவந்தபோது, ஒரு காரின் அடிச்சட்டமான சேசிஸைப் பொருத்துவதற்கு ஆன நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணியாகக் குறைந்தது. அந்த வேகத்தின் விலையாக, ஒரே அசைவை நாள் முழுவதும் செய்யும் வேலை உருவானது. ஒரு ஷிஃப்டில் கிடைக்கும் 450 நிமிடத்தில் 300 பொருள்கள் தேவை என்றால் 90 விநாடிக்கு ஒன்று முடிய வேண்டும். இதற்கு டாக்ட் டைம் என்று பெயர். அந்த 90 விநாடிக்குள் வேலை எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது, எந்த நிலையத்தில் தேக்கம் ஏற்படுகிறது, தவறாகப் பொருத்தவே முடியாதபடி எந்த உதிரிபாகம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பவற்றைக் கவனிப்பவர், பின்னாளில் தொழிலகப் பொறியியல் (இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங்) பிரிவுக்குச் செல்லத் தகுதி பெறுகிறார். ஒரே நிலையத்தில் ஓராண்டு நின்றபின் அடுத்த நிலையத்துக்கு மாற்றும்படி கேட்க வேண்டும். மாற்றுவதற்கு எந்த ஏற்பாடும் இல்லாத இடத்தில் நெடுங்காலம் தங்கக் கூடாது.

ரோபோக்களும் தானியங்கி இயந்திரங்களும் இந்த வேலைகளை ஒழித்துவிடாதா?

சிலவற்றை ஒழித்திருக்கின்றன, இன்னும் சிலவற்றை ஒழிக்கும். தொழிற்சாலையில் பணியமர்த்தப்பட்ட முதல் ரோபோவான யூனிமேட், 1961ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்றில், அச்சிலிருந்து வெளிவரும் கொதிக்கும் வார்ப்புகளை எடுத்து வைக்கும் வேலையைச் செய்தது. மனிதர்கள் சூட்டிலும் புகையிலும் விருப்பமின்றிச் செய்துவந்த வேலை அது. அந்தப் போக்கு இன்றும் தொடர்கிறது: ஸ்பாட் வெல்டிங், வண்ணம் தெளித்தல், இயந்திரத்தில் ஏற்றி இறக்குதல், பெட்டிகளை அடுக்குதல் ஆகிய பணிகளில் ஆட்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

வேலையை இழக்காமல் மாறிக்கொண்டவர்களின் கதையும் இதே வரலாற்றில் உண்டு. 1960களின் இறுதிவரை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தியவை, மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகளான ரிலேக்களை நூற்றுக்கணக்கில் வயரால் இணைத்த பெரிய பெட்டிகள். கார் மாடலை மாற்றும்போதெல்லாம் அவற்றைப் பிரித்து மீண்டும் வயரிங் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக வந்ததுதான் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவி. அதன் புரோகிராம் மொழியான லேடர் வரைபடத்தை, எலக்ட்ரீஷியன்கள் ஏற்கெனவே பழகியிருந்த ரிலே வரைபடத்தைப் போலவே அமைத்தார்கள். ஆகவே வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் புதிய கருவிக்கு மாற முடிந்தது. வயரைத் திருகி இறுக்க மட்டும் தெரிந்தவரால் முடியவில்லை. இன்று பி.எல்.சி., சென்சார், சர்வோ மோட்டார், ரோபோவுக்கு அசைவுகளைக் கற்பித்தல் ஆகியவை தெரிந்த மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த துறை) பணியாளர்களுக்குத் தேவை கூடிவருகிறது. ஆனால் பத்துப் பேர் செய்த வேலையை ரோபோ ஏற்றால் அதைக் கவனிக்கப் பத்துப் பேர் தேவைப்பட மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே எண்ணித் திட்டமிட வேண்டும்.

தரப் பிரிவில் சேர்வது நல்லதா?

தரப் பிரிவு என்ற பெயரில் இரு வேறு பணிகள் நடக்கின்றன. முடிந்த பொருளை அளந்து, நல்லது கெட்டது என்று பிரிப்பது ஒன்று. கெட்டது ஏன் வந்தது என்று கண்டுபிடித்து, இனி வராமல் செய்வது இன்னொன்று. பெல் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஷூஹார்ட் 1924ஆம் ஆண்டில் கட்டுப்பாட்டு வரைபடத்தை முன்வைத்தபோது இந்த இரண்டாவது பாதை பிறந்தது. அளவுகளில் இயல்பாக இருக்கும் ஏற்ற இறக்கம் எது, ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்று காட்டும் விலகல் எது என்று பிரித்தறிவதே அதன் நோக்கம். கருவி தேய்ந்து வருவதை, ஒரு துண்டுகூட அளவு தவறுவதற்கு முன்பே அந்த வரைபடம் காட்டிவிடும்.

அளத்தல் என்பதும் தோன்றுமளவுக்கு எளிதன்று. நீள அளவீடுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட அடிப்படை வெப்பநிலை. 100 மி.மீ. நீளமுள்ள எஃகுத் துண்டு பத்து டிகிரி சூடானால் ஏறத்தாழ 11 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீள்கிறது. இயந்திரத்திலிருந்து இறக்கிய சூட்டோடு மைக்ரோமீட்டரால் அளந்து "சரி" என்று எழுதிய துண்டு, ஆறியபின் அளவு குறைந்து திரும்பி வருவது இதனால்தான்.

தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை 1987ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. வாகனத் துறைக்கென்று ஐ.ஏ.டி.எஃப். 16949 இருக்கிறது. இவற்றின் தணிக்கையாளர் சான்று மேலே செல்ல உதவும். ஆனால் பணியின் முதல் ஐந்து ஆண்டுகளை ஆவணங்களோடு மட்டும் கழித்தவர், பொருளைப் பார்த்துப் பேச முடியாத தணிக்கையாளராகிவிடுவார். இப்படிப்பட்டவர்கள் துறையில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

புதிதாகச் சேர்பவர் அதிகம் கற்றுக்கொள்ளக்கூடிய பிரிவு எது?

என் கருத்தில் மெயின்டனன்ஸ். உற்பத்திப் பிரிவில் இருப்பவர் ஒரு வகை இயந்திரத்தை அறிவார். மெயின்டனன்ஸில் இருப்பவர் தொழிற்சாலையின் எல்லா இயந்திரங்களையும் உள்ளிருந்து பார்க்கிறார். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக்ஸ், காற்றழுத்தத்தால் இயங்கும் நியூமேட்டிக்ஸ், மோட்டார், பேரிங், மின்கட்டுப்பாடு எல்லாவற்றிலும் ஒரே வாரத்தில் வேலை வரும். உடைந்தபின் பழுதுபார்ப்பது, அட்டவணைப்படி முன்கூட்டியே பராமரிப்பது, அதிர்வையும் வெப்பத்தையும் எண்ணெயின் நிலையையும் அளந்து எப்போது உடையும் என்று கணிப்பது என மூன்று கட்டங்களாக இந்தத் துறை வளர்ந்திருக்கிறது. மூன்றாவதற்குக் கணிதமும் கணினி அறிவும் தேவைப்படுகின்றன. நேரங்கெட்ட நேரத்தில் அழைப்பு வரும், லைன் நின்றுகிடக்கும்போது எல்லோரும் தலைமேல் நின்று பார்ப்பார்கள் என்பவை இதன் குறைகள்.

சிறிய பட்டறையில் தொடங்கலாமா, பெரிய நிறுவனத்துக்குக் காத்திருக்கலாமா?

பெரிய நிறுவனத்தில் முறை இருக்கிறது: பயிற்சி, பாதுகாப்பு, எழுதிவைத்த நடைமுறை, நேரத்துக்கு வரும் ஊதியம். ஆனால் வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒரே மூலையில் இருக்க நேரலாம். பத்து, இருபது பேர் வேலை செய்யும் சிறு பட்டறையில் காலையில் லேத், மதியம் டிரில்லிங், மாலையில் வாடிக்கையாளரிடம் பேசி விலை சொல்வது என எல்லாமே ஒருவர் கையில் வரும். தனியாகத் தொழில் தொடங்கும் எண்ணம் உள்ளவருக்கு அதைவிட நல்ல பள்ளி கிடையாது. இரண்டு ஆண்டு சிறு பட்டறையில் இருந்துவிட்டுப் பெரிய நிறுவனத்துக்குச் செல்வது நல்ல வரிசைதான். அந்தப் பட்டறையில் இயந்திரத்தின் தடுப்புக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டச் சொன்னால் மட்டும், கற்றுக்கொள்ளும் ஆசையை விட்டுவிட்டு வெளியேறிவிட வேண்டும்.

ஷிஃப்ட் வேலையால் உடல்நலம் கெடுமா? வேறு என்ன ஆபத்துகள் இருக்கின்றன?

இரவு ஷிஃப்டை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ளவற்றின் வகையில் 2007ஆம் ஆண்டில் சேர்த்தது. 2019ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்து அதை உறுதிசெய்தது. ஷிஃப்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, இரவு ஷிஃப்டுக்குப் பின் எத்தனை மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது என்பவற்றை வேலையில் சேருமுன்பே கேட்டறிவது நல்லது.

கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகளுக்குத் தொழிற்சாலைகள் எச்சரிக்கைப் பலகை வைக்கின்றன. மெதுவாக வருபவற்றையே அதிகம் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நின்றால் காது கேட்கும் திறன் குறையும். அந்த இழப்பு வலியின்றி வரும், இழந்த திறன் திரும்பி வராது. வார்ப்புப் பட்டறையின் மணல்தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயை உண்டாக்கும். வெல்டிங் புகையும் புற்றுநோய்க் காரணியாக உறுதிப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே புகையை உறிஞ்சும் குழாய் இருக்கிறதா என்பது வெல்டர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பழுதுபார்க்கும்போது மின்னிணைப்பைத் துண்டித்து, சுவிட்சில் தம் பூட்டைப் போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் நடைமுறை இல்லாத ஆலையில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேராமல் இருப்பதே நல்லது.

பெண்களுக்கு இந்தத் துறை ஏற்றதா?

மின்னணுப் பொருத்தலிலும் ஆடைத் தயாரிப்பிலும் பெண்களே பெரும்பான்மை. மேற்பார்வையாளர், செட்டர், மெயின்டனன்ஸ் பதவிகளில் அவர்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு உடல் வலிமை காரணமன்று. கனமான பொருளைத் தூக்குவதற்கு ஹாய்ஸ்டும் கிரேனும் இருக்கின்றன. அந்தப் பதவிகளுக்கான பயிற்சி பெண்களுக்கு அளிக்கப்படாததே காரணம். லைனில் சேர்த்துக்கொள்ளும் நிறுவனம் செட்டராக்கவும் அனுப்புமா என்று நேர்முகத் தேர்விலேயே கேட்கலாம். கையுறையும் பாதுகாப்புக் காலணியும் தம் அளவில் இருக்கின்றனவா, இரவு ஷிஃப்டுக்குப் போக்குவரத்து உண்டா என்பவையும் கேட்கத் தகுந்தவை.

நேர்முகத் தேர்வில் எவற்றை எதிர்பார்க்கலாம்?

தொழில்நுட்பப் பணியென்றால் ஒரு வரைபடத்தையோ உதிரிபாகத்தையோ கையில் கொடுத்து, "இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்பது வழக்கம். துளையின் அளவு 25 எச் 7 என்று போட்டிருந்தால், 25.000 முதல் 25.021 மி.மீ. வரை ஏற்கத்தக்கது என்று சொல்லத் தெரிய வேண்டும். அதை டிரில்லிங்கோடு விட்டுவிட முடியாது. துளையைத் துல்லியமாக்க ரீமரோ போரிங்கோ தேவை என்றும் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் அடுத்த கேள்விக்கு நிமிர்ந்து உட்காருவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு இந்தத் துறையில் தனி மதிப்பு உண்டு. தெரிந்ததாக நடித்து இயந்திரத்தை இயக்குபவர் இயந்திரத்தையும் விரல்களையும் சேதப்படுத்துவார் என்பதை எதிரே அமர்ந்திருப்பவர் அறிவார்.

தேர்வுக்குச் சென்ற இடத்தில் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மறுத்தால் அதுவும் ஒரு தகவல். நடந்து செல்லும்போது, நிராகரிக்கப்பட்ட பொருள்கள் தனியே அடையாளமிட்டு வைக்கப்பட்டிருக்கின்றனவா, அளவுக் கருவிகளில் சரிபார்ப்புத் தேதி ஒட்டப்பட்டிருக்கிறதா, சுவரில் உள்ள உற்பத்திப் பலகை இன்றைய எண்களைக் காட்டுகிறதா அல்லது சென்ற மாதத்தோடு நின்றுவிட்டதா என்று பார்க்கலாம்.

ஊதியம் எப்படி அமைகிறது?

அடிப்படை ஊதியத்தோடு ஷிஃப்ட் படி, மிகைநேரப் படி, உற்பத்தி ஊக்கத்தொகை ஆகியவை சேர்ந்தே கைக்கு வரும் தொகை அமைகிறது. மிகைநேரத்தையும் சேர்த்துச் சொல்லப்படும் எண்ணைக் கண்டு மயங்காமல், அது இல்லாத மாதத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்க வேண்டும். நிறுவனமே நேரடியாக நியமிக்கிறதா, ஒப்பந்தக்காரர் வழியாக எடுக்கிறதா என்பதும் எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கிடையே பெரிய வேறுபாடு ஏற்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

வேறு துறையில் பணியாற்றியவர் இங்கே மாற முடியுமா?

மென்பொருள் துறையிலிருந்து வருபவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் தரவைத் திரட்டி, உற்பத்தியைத் தொடர்ந்து காட்டும் அமைப்புகள் பரவலாகிவருகின்றன. மென்பொருளும் ஆலைத்தளமும் ஒருசேரத் தெரிந்தவர்கள் குறைவாக இருக்கிறார்கள். கணக்கியலிலிருந்து செலவுக் கணக்குக்கும், சரக்குப் போக்குவரத்திலிருந்து பண்டகசாலைக்கும் மாறுவது எளிது. முப்பத்தைந்து வயதுக்குமேல் கைத்திறன் பணிக்கு மாறுபவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் குறைந்த ஊதியத்துக்கு ஆயத்தமாக இருக்க வேண்டியிருக்கும்.

உற்பத்தித் துறைக்குள்ளேயே ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடியுமா?

செய்முறை ஒன்றாக இருந்தால் முடியும். வாகன உதிரிபாகங்களை வெட்டியவர் விமான உதிரிபாகத் தயாரிப்புக்கோ, எலும்பு முறிவுக்குப் பொருத்தும் மருத்துவ உலோகத் தகடுகளின் தயாரிப்புக்கோ மாறலாம். அங்கே டைட்டானியம் போன்ற வெட்டக் கடினமான உலோகங்களையும், ஒவ்வொரு துண்டும் எந்தத் தொகுதி உலோகத்திலிருந்து வந்தது என்று தேடிக் காணும்படியான பதிவேடுகளையும் புதிதாகப் பழக வேண்டும். மருந்து ஆலைக்குச் செல்லும் மெயின்டனன்ஸ் பணியாளருக்கு இயந்திரங்கள் புதியவையல்ல. தூய அறைக்குள் நுழையுமுன் உடை மாற்றும் ஒழுங்கும், செய்த ஒவ்வொரு வேலையையும் அப்போதே எழுதிக் கையொப்பமிடும் வழக்கமும் அவருக்குப் புதியவை. மின்னணு ஆலைக்குச் செல்பவர் நிலைமின்சாரத்துக்கு அஞ்சக் கற்றுக்கொள்கிறார்: விரலில் சுரீர் என்று உணர்வதற்கு ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும், சில நுண்சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவாகவே பழுதாகிவிடும் என்பதால், மணிக்கட்டில் தரையிணைப்புப் பட்டை இல்லாமல் அவர் எந்தப் பலகையையும் தொடுவதற்கில்லை.